லேப்டாப் பீப் அடிக்கிறது, திரை வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. ஆனால் திரை கருப்பாகவே நிற்கிறது. கூடவே பீப், பீப் என்று ஒரு சத்தம். இப்படி ஒரு லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி பயத்தோடுதான் வருகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். பாதிப் பேருக்குக் கடைக்குப் போகும் வேலையே இருக்காது.

பீப் அடித்தால் லேப்டாப் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. எனக்குப் பீப் அடிக்கும் லேப்டாப்பைப் பார்த்தால் நிம்மதிதான். சத்தமே இல்லாமல் கிடப்பதுதான் கஷ்டமான கேஸ்.

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் உடனே வந்துவிடுவதில்லை. அதற்கு முன்னால், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு என்ற பலகையில் ஒரு சின்ன சிப்பில் குடியிருக்கும் பயாஸ் என்ற நிரல் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. ப்ராசஸர் இருக்கிறதா, வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம் இருக்கிறதா, அதில் எழுதினால் எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் சிப் பதில் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். ஏதாவது ஒன்று பதில் சொல்லவில்லை என்றால் அதை உங்களிடம் சொல்ல வேண்டும். திரை இன்னும் வேலைக்கு வரவில்லையே, எப்படிச் சொல்வது? அதனால் சத்தம் போட்டுச் சொல்கிறது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆக, பீப் கேட்கிறது என்றால் மின்சாரம் உள்ளே போகிறது, மதர்போர்டில் பெரும்பகுதிக்கு உயிர் இருக்கிறது, எங்கே தடை என்று அதற்கே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எண்ணுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

செல்போனை எடுத்து வீடியோ பதிவைப் போட்டுவிட்டு, பிறகு லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். முழுதாக இரண்டு மூன்று சுற்று பதிவாகட்டும். அப்புறம் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு, பதிவை நிதானமாகக் கேளுங்கள். மூன்று விஷயம் வேண்டும்: எத்தனை பீப், அவை நீளமா குட்டையா, நடுவில் எங்கே இடைவெளி விழுகிறது. அதே வீடியோவில் சார்ஜிங் விளக்கும் கேப்ஸ் லாக் விளக்கும் தெரிகிற மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது. பல புது மாடல்கள் பீப்பை விட்டுவிட்டு விளக்கைச் சிமிட்டித்தான் சொல்கின்றன.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். கம்பெனி பெயர் மட்டும் போதாது.

எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம்?

எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் லேப்டாப்புக்குச் சொன்ன கணக்கை உங்கள் லேப்டாப்புக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். கீழே சொல்வது கம்பெனிவாரியாக நான் தினமும் பயன்படுத்துவது.

டெல்: பீப் அடிக்கும் மாடல்களில் கணக்கு எளிது. 1 பீப் என்றால் பயாஸ் அல்லது மதர்போர்டு. 2 என்றால் ரேமே கண்ணில் படவில்லை. 3 என்றால் மதர்போர்டின் சிப்செட், அதாவது பாகங்களுக்கு நடுவே தகவலைக் கடத்தும் சிப். 4 என்றால் ரேம் இருக்கிறது, ஆனால் எழுதிப் படிப்பதில் பிழை. 5 என்றால் கடிகார பேட்டரி. 6 கிராபிக்ஸ், 7 ப்ராசஸர், 8 திரை. இதில் 2-ம் 4-ம்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. 5 வந்தால் சந்தோஷப்படலாம், செலவு மிகக் குறைவு. பிந்தைய டெல் மாடல்கள் பலவற்றில் சார்ஜிங் விளக்கு முதலில் ஆரஞ்சு நிறத்திலும், கொஞ்சம் நின்று வெள்ளை நிறத்திலும் சிமிட்டும். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் கண்ணில் படவில்லை. 2, 4 என்றால் ரேமில் கோளாறு. 2, 5 என்றால் பொருந்தாத ரேம். 2, 7 என்றால் திரை.

ஹெச்பி: பழைய மாடல்கள் பலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். 1 சிமிட்டல் ப்ராசஸர், 2 பயாஸ், 3 ரேம், 4 கிராபிக்ஸ், 5 மதர்போர்டு. அலுவலகங்களுக்கென்று வரும் பிந்தைய மாடல்களில் நீளமும் குட்டையும் சேர்ந்து வரும். 3 நீளம், 2 குட்டை என்றால் ரேம். 3 நீளம், 3 குட்டை என்றால் கிராபிக்ஸ். 2 நீளத்தில் ஆரம்பித்தால் பயாஸ் பக்கம் பாருங்கள். 4 நீளம் என்றால் சூடு. 5 நீளம் என்றால் மதர்போர்டு.

லெனோவோ திங்க்பேட்: பிந்தைய மாடல்களில் பீப்புக்குப் பதிலாக ஒரு சின்ன மெட்டு மாதிரி ஒலிக்கும். அதை எண்ண முடியாது, எண்ணவும் வேண்டாம். செல்போனில் லெனோவோவின் பரிசோதனைச் செயலியை இறக்கி, அந்த மெட்டைக் கேட்க வைத்தால் அதுவே பிழை எண்ணைச் சொல்லிவிடும். மிகவும் நல்ல யோசனை என்று நினைக்கிறேன். காது கேட்டு எண்ணுவதில் வரும் தவறு இதில் வராது.

ஆப்பிள்: இன்டெல் ப்ராசஸர் கொண்ட பழைய மேக்புக்கில் ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஒரே ஒரு பீப் வந்தால் ரேம் இல்லை என்று பொருள். மூன்று பீப், ஐந்து விநாடி நிறுத்தம், மறுபடி மூன்று என்றால் ரேம் சோதனையில் தேறவில்லை.

மற்ற கம்பெனிகளின் பழைய லேப்டாப் என்றால் பயாஸை யார் தயாரித்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஏஎம்ஐ பயாஸில் 1 நீளம், 3 குட்டை என்றால் ரேம். அவார்டு பயாஸில் 1 நீளம், 2 குட்டை என்றால் கிராபிக்ஸ். ஃபீனிக்ஸ் பயாஸில் 1-3-1-1 என்று நான்கு தொகுதியாக வரும். அதற்கு மாடல் கையேட்டைப் பார்ப்பதுதான் சரி.

ஒரே ஒரு குட்டை பீப் வருகிறது, பிறகு லேப்டாப் நன்றாகவே ஓடுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. எல்லாம் சரி என்று ஒரு பீப் அடித்துவிட்டு மேலே போகிற பயாஸ்கள் உண்டு. திரை வந்துவிட்டால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

பீப் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. எண்ணவே முடியவில்லையே?

கீபோர்டைப் பாருங்கள். ஏதாவது ஒரு கீ அமுங்கியபடியே நின்றுவிட்டால் இப்படித்தான் விடாமல் அடிக்கும்.

ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த லேப்டாப் நினைவுக்கு வருகிறது. ஒரு கடையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செமஸ்டர் ப்ராஜெக்ட் அதற்குள்ளே இருந்தது. வீட்டில் பணம் கேட்க முடியாத நிலைமை, அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஆன் செய்தபோது டிக்டிக் என்று அடுத்தடுத்து பீப். விரல் நுனியால் ஒவ்வொரு கீயாகத் தடவிக்கொண்டே போனேன். வலது பக்கம் என்டர் கீ மட்டும் மற்றதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. அழுத்திவிட்டால் மெதுவாக, ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. என்றைக்கோ சிந்திய டீ. பால், சர்க்கரை எல்லாம் காய்ந்து கீக்கு அடியில் பசை மாதிரி பிடித்திருந்தது. கீபோர்டின் ரிப்பன் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். பீப் இல்லை. பத்து விநாடியில் திரை வந்தது. புதுக் கீபோர்டு போட்டு அன்று மாலையே எடுத்துப் போனார்.

நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது: லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, எல்லாக் கீயையும் ஒருமுறை அழுத்தி விடுங்கள். தாழ்ந்திருப்பது எது, மெதுவாக எழுவது எது என்று விரலுக்கே தெரியும். லேப்டாப்பைக் கவிழ்த்து லேசாகத் தட்டினால் சில சமயம் மிக்சர் துண்டு, அரிசிப்பொரி எல்லாம் உதிரும். வெளியிலிருந்து யுஎஸ்பி கீபோர்டு செருகியிருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதன் மேல் ஒரு புத்தகம் சாய்ந்திருந்தாலே போதும், பீப் அடிக்கும்.

லேப்டாப்பைத் திறக்க எனக்குத் தெரியாது. திறக்காமல் செய்து பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்த வரிசையில் செய்யுங்கள்.

பென்டிரைவ், மவுஸ், எஸ்டி கார்டு, ஹெச்டிஎம்ஐ வயர் என்று வெளியில் செருகிய எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜரையும் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். இப்போது பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். மின்வெட்டு, ஏற்ற இறக்கம் இவற்றுக்குப் பிறகு மாட்டிக்கொண்டு நிற்கும் லேப்டாப்கள் இதிலேயே சரியாகிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேட்டரி உள்ளேயே இருக்கும் சில மாடல்களில், குறிப்பாக திங்க்பேடில், அடிப்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் மெதுவாக அழுத்தினால் அதே வேலை நடக்கும். மைக் ஓட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் ரீசெட் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பயாஸ் கெட்டுவிட்டது என்று பீப் சொன்னால், ஹெச்பியில் விண்டோஸ் கீயையும் பி (B) கீயையும் சேர்த்து அழுத்திக்கொண்டே பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி பிடியுங்கள். பல மாடல்களில் உள்ளே சேமித்து வைத்திருக்கும் நகலிலிருந்து பயாஸ் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திக்கொண்டே சார்ஜரைச் செருக வேண்டும். இந்த மீட்பு நடக்கும்போது சார்ஜர் கட்டாயம் இருக்க வேண்டும். நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

ரேமைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பீப் அடிக்கும் லேப்டாப்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதிலும் ரேம் கெட்டிருப்பதைவிட, ரேமும் அது செருகியிருக்கும் ஸ்லாட்டும் சரியாகத் தொட்டுக்கொள்ளாமல் இருப்பதே அதிகம். லேப்டாப் சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. பையில் போட்டுப் பேருந்தில் ஆடிக்கொண்டு போகிறது. கடற்கரை ஊர்க்காரர்களின் லேப்டாப்களில் பின்கள் மங்கிப்போய் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். லேப்டாப்பில் வரும் டிடிஆர் 4 வகை ரேமில் 260 பின்கள் இருக்கின்றன. அதில் ஒன்றிரண்டு தொடாமல் போனாலே பயாஸ் ரேம் இல்லை என்று சொல்லிவிடும்.

செய்முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில்தான் எல்லாம் உடைகிறது.

வெளிச்சமான மேசையில், ஒரு துணி விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். சார்ஜர் கழற்றியாகிவிட்டதா என்று மறுபடி பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பெட்டியாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே தாளில் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீள ஸ்க்ரூ, குட்டை ஸ்க்ரூ மாறினால், நீளமானது மதர்போர்டைக் குத்திவிடும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவும் உண்டு. மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், எங்கோ ஒன்று மீதம் இருக்கிறது. எல்லாம் கழன்றபின் பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் நுழைத்து ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் டக், டக் என்று கிளிப்கள் விடும்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றுவது. இதைத் தவறவிடாதீர்கள். பேட்டரி இணைப்பு இருக்கும்போது ரேமை எடுத்தால் நல்ல மதர்போர்டையும் நீங்களே கெடுத்துவிடலாம். கழற்றிய பின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டு, ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

ரேம் ஒரு சுவிங்கம் பாக்கெட் நீளத்தில், பக்கவாட்டில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் படுத்திருக்கும். இரண்டு கொக்கியையும் கட்டைவிரல்களால் வெளிப்பக்கம் தள்ளினால், தானே சாய்ந்து எழும். அந்தச் சாய்விலேயே இழுத்தெடுங்கள். தங்க நிறப் பின்களில் விரல் படக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு இல்லாத துணியில் கொஞ்சம் தொட்டு, பின்களை ஒரே திசையில் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். வேறு வழி இல்லாதபோது நானும் செய்திருக்கிறேன், ஆனால் லேசாக இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும். ரப்பர் துகள் ஒன்று ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுத் தலைவலி.

திரும்ப மாட்டும்போது ரேமில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேருக்கு நேர் வர வேண்டும். முப்பது டிகிரி சாய்வில் செருகுங்கள். தங்க நிறம் ஏறக்குறைய முழுக்க மறையும் வரை உள்ளே போக வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாதி உள்ளே போன நிலையிலேயே கீழே அமுக்கிவிடுகிறார்கள், கொக்கியும் பிடித்துக்கொள்ளும், ஆனால் பின் தொடாது. முழுதாகச் செருகிவிட்டுக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளிக் என்று கேட்கும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும், சிரமம்தான், ஆனாலும் செய்யுங்கள். ஏ என்ற ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஓடுகிறது, பி எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் பி கெட்டுவிட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு ஸ்லாட்டில். அப்போதும் மீதி ஸ்லாட்டில் பெரிய ரேம் ஒன்றைப் போட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம்.

திறந்து பார்த்தேன், ரேமே காணோமே?

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைக் கழற்ற முடியாதபடி மதர்போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலேயே அப்படித்தான். அதில் ரேம் பீப் வந்தால் சிப் மட்டத்தில் வேலை செய்பவரிடம்தான் போக வேண்டும். சில மாடல்களில் கொஞ்சம் ரேம் சாலிடராகவும், கூடுதலாக ஒரு ஸ்லாட்டும் இருக்கும். அந்த ஸ்லாட்டில் உள்ளதை எடுத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

நேற்றுத்தான் புது ரேம் வாங்கிப் போட்டேன். அதிலிருந்துதான் பீப் அடிக்கிறது.

முதலில் பழைய ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். ஓடினால் லேப்டாப்பில் குறை இல்லை, வாங்கியதுதான் பொருந்தவில்லை.

டிடிஆர் 3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு வேறு. அதனால் மாற்றிச் செருக முடியாது. குழப்பம் வருவது டிடிஆர் 3-க்கும் டிடிஆர் 3எல்-க்கும் நடுவில். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் முதலாவதுக்கு 1.5 வோல்ட் வேண்டும், எல் வகை 1.35 வோல்ட்டிலேயே ஓடும். 1.35 மட்டுமே தரும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர் 3-ஐப் போட்டால் கிளம்பாது. ரேம் ஸ்டிக்கரில் பிசி 3 என்று மட்டும் இருக்கிறதா, பிசி 3எல் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிடிஆர் 5 என்றால் பொறுமை வேண்டும். புது ரேமைப் போட்டு முதல்முறை ஆன் செய்யும்போது, மதர்போர்டு அதோடு பழகி அளவுகளைச் சரிசெய்துகொள்ளும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். சில நிமிடங்கள்கூட ஆகலாம். பயந்துபோய் அணைத்து அணைத்துப் போட்டால் அந்த வேலை முடியவே முடியாது. பீப் இல்லாமல் கருப்புத் திரை மட்டும் என்றால் ஒரு பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

கடிகார பேட்டரி என்றால் என்ன? அதற்காகவா லேப்டாப் நின்றுவிடும்?

லேப்டாப் அணைந்திருக்கும்போதும் தேதி, நேரம், சில அமைப்புகளை நினைவில் வைத்திருக்க ஒரு 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032. லேப்டாப்பில் அதைக் கறுப்பு உறை போட்டு, குட்டி வயரோடு ஒட்டியிருப்பார்கள். தேதி தானாகப் பழைய வருடத்துக்குப் போய்விடுவது இது தீர்ந்துவருவதன் அடையாளம். வயரோடு இருக்கும் பேட்டரியைத்தான் வாங்க வேண்டும், வெறும் பட்டன் பேட்டரியில் வயரை வீட்டில் சாலிடர் செய்யப் பார்க்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். சில புது மாடல்களில் இந்தப் பேட்டரியே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பீப்பும் இல்லை, சிமிட்டலும் இல்லை. விசிறி மட்டும் சுற்றுகிறது.

அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் லேப்டாப் நன்றாக ஓடுகிறது, திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை. தெரியவில்லை என்றால் ஹெச்டிஎம்ஐ வயரில் டிவியை இணைத்துப் பாருங்கள். டிவியில் வந்தால் திரை அல்லது அதன் கேபிள். டெல்லில் டி (D) கீயை அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால் பல மாடல்களில் திரை தனியாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாற்றிக் காட்டும். திரை நல்லது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இவை எதுவும் இல்லை என்றால், பீப் இல்லாவிட்டாலும் மேலே சொன்ன ரேம் வேலையை ஒருமுறை செய்துவிடுங்கள். பீப் அடிக்கத் தனி வசதியே இல்லாத லேப்டாப்களும் இருக்கின்றன.

கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, சூடு காட்டிச் சரிசெய்கிறேன் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

நான் செய்யச் சொல்ல மாட்டேன். 2008-இல் என்விடியா நிறுவனமே தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டி வந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சாலிடர் புள்ளிகள் விரிசல் விட்டதுதான் காரணம். அந்தக் காலத்தில்தான் இந்தச் சூடுகாட்டும் வைத்தியம் பரவியது. சூடு காட்டினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும், வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ திரும்பப் போய்விடும். சிப்பையே மாற்றினால்தான் தீர்வு. அந்தச் செலவுக்கு லேப்டாப் தாங்குமா என்று பார்த்து முடிவெடுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளை நகல் எடுக்கும் வரை ஓடினால் போதும் என்றால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் வேறு நல்ல வழி இருக்கிறது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

என் படங்கள், கோப்புகள் எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. ரேம், கீபோர்டு, திரை, மதர்போர்டு எது கெட்டாலும் ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ இருப்பது அப்படியே இருக்கும். அதைக் கழற்றி, அதற்கேற்ற யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் படித்துவிடலாம். சாட்டா என்ற இணைப்பு வகைக்கு ஒரு பெட்டி, எம்.2 வகைக்கு வேறு பெட்டி. கடையில் டிஸ்க்கைக் காட்டி வாங்குங்கள்.

ஒரே ஒரு சிக்கல், பிட்லாக்கர். விண்டோஸ் உங்கள் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். நீங்கள் பூட்டியதாக நினைவே இல்லாவிட்டாலும் பல புது லேப்டாப்களில் தானாகவே பூட்டியிருக்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செல்போனிலிருந்தே உள்ளே போய்ப் பார்க்கலாம். மதர்போர்டை மாற்றினாலும் இந்த எண்ணைக் கேட்கும். கடைக்குக் கொடுப்பதற்கு முன் எடுத்து வையுங்கள். சில மாடல்களில் சேமிப்பும் சாலிடர்தான், அங்கே இந்த வழி நடக்காது.

தண்ணீர் கொட்டிய பிறகு பீப் அடிக்கிறது.

இனி ஆன் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் செய்து பார்க்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி நிறுத்தி, அன்றைக்கே திறந்து சுத்தம் செய்யும் ஆளிடம் கொண்டுபோங்கள். அரிசியில் புதைத்து வைத்துக் காத்திருக்கும் இரண்டு நாளில் உள்ளே பச்சைப் பாசி மாதிரி அரிப்பு பிடித்துவிடும். அதேபோல, திறந்தபோது பேட்டரி உப்பியிருப்பதைப் பார்த்தாலும் நிறுத்திவிடுங்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

கடைக்குப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும்?

"ஆன் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. "நான்கு பீப், நிறுத்தம், மறுபடி நான்கு. டெல் மாடல், இந்த எண். ரேமைக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் அதே பீப்" என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். வேலை தெரிந்தவர் முகத்தில் உடனே ஒரு மாற்றம் தெரியும், அவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றால் எதனால் அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். நல்ல ரேம் ஒன்றைப் போட்டுப் பார்த்தீர்களா, கீபோர்டைக் கழற்றிப் பார்த்தீர்களா, இந்த இரண்டு கேள்வி போதும். தயங்காமல் கேளுங்கள், உங்கள் பொருள், உங்கள் பணம். வாரண்டி இருந்தால் திறக்காமல் நேரே கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடுங்கள்.

சரியாகிவிட்டது! இனி ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்றிரவே ரேமைச் சோதியுங்கள். விண்டோஸ் தேடலில் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் உள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. இன்னும் கறாராகப் பார்க்க மெம்டெஸ்ட் 86 ப்ளஸ் என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் போட்டு, படுக்கப் போகும்போது ஓடவிடுங்கள். காலையில் பிழை பூஜ்யம் என்று இருந்தால் தொடர்பு மட்டும்தான் விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை மாற்றிவிடுங்கள். பாதி கெட்ட ரேம் லேப்டாப்பைக் கிளப்பிவிடும், ஆனால் நீங்கள் சேமிக்கும் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பீப் வராது.